ஆறில் எது சோர்ந்தது?

வணக்கம். கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் பலர் பேட்டரி காரில் ஏறியிருப்பீர்கள். கோல்ஃப் மைதானத்துக்கென்று செய்யப்பட்ட வண்டி அது. இன்றைக்கு ரயில் நிலையம், விமான நிலையம், மருத்துவமனை வளாகம் என்று நடக்க முடியாதவர்கள் வந்துபோகும் இடங்களிலெல்லாம் ஓடுகிறது. காலையில் ஜோராகக் கிளம்பும். மதியம் தாண்டினால் சிறு மேட்டில்கூட முக்கும். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "நான் வேணா இறங்கிக்கட்டுமா தம்பி?" என்று கேட்கும் நிலைமை வந்துவிடும்.

உடனே ஒரு தீர்ப்பு வரும். "பேட்டரி போயிடுச்சு, செட்டையே மாத்திடுங்க." இந்தத் தீர்ப்போடு எனக்கு வெகுகாலமாகச் சண்டை. ஒரு செட் என்றால் வழக்கமாக ஆறு பேட்டரி. ஆறும் ஒரே நாளில் சேர்ந்து சோர்ந்துபோவது அரிது. பெரும்பாலும் ஒன்றுதான் முதலில் விழும். அது எது என்று கண்டுபிடிக்காமல் ஆறையும் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சீட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கனமான பேட்டரிகள் வரிசையாக இருக்கும். 36 வோல்ட் வண்டியில் ஆறு வோல்ட் பேட்டரி ஆறு. 48 வோல்ட் வண்டியில் எட்டு வோல்ட் பேட்டரி ஆறு, அல்லது பன்னிரண்டு வோல்ட் நான்கு. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் செல் என்கிற அறைகள் உண்டு. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய இரண்டு வோல்ட். மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றும் துளைகளை எண்ணினால் செல் எத்தனை என்று தெரிந்துவிடும். எட்டு வோல்ட் பேட்டரியில் நான்கு துளை. இந்த எல்லா செல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொடரில் கோத்திருக்கின்றன. தீயை அணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் தளர்ந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு வலு இருந்தும் தண்ணீர் அவருடைய வேகத்தில்தான் போய்ச் சேரும்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனை வளாகத்தில் ஒரு வண்டி. வாசலிலிருந்து வார்டுக்குப் போகும் வழியில் நீளமான ஏற்றம். தினமும் பிற்பகலில் அந்த ஏற்றத்தில் வந்து வண்டி தளர்ந்துவிடும். ஓட்டுகிற பையன் என்னிடம் சொன்னான்: "அண்ணே, காலையில மீட்டர் வச்சுப் பாத்தாங்க. எல்லாம் நல்லாருக்குன்னுட்டாங்க. அப்புறமும் செட்ட மாத்தச் சொல்றாங்க. நல்லாருந்தா எதுக்கு மாத்தணும்?" நியாயமான கேள்வி.

நானும் காலையில் அளந்து பார்த்தேன். இரவு முழுக்க ஓய்வில் இருந்த வண்டி. ஐந்து பேட்டரியில் 8.42 வோல்ட். ஆறாவதில் 8.35. வித்தியாசம் வோல்ட்டில் நூறில் ஏழு பங்கு. யார் பார்த்தாலும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். சும்மா இருக்கும் பேட்டரியை அளந்தால் அது அநேகமாக நல்ல பெயர்தான் வாங்கும். வேலை கொடுத்து அளக்க வேண்டும். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: வேலை கொடுத்து அளக்க வேண்டும்.

ஆகவே வண்டியை வழக்கம்போல ஓடவிட்டோம். மதியத்துக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்துக்குப் போனோம். மல்டிமீட்டரின் வயர்களை முதல் பேட்டரியில் கிளிப் போட்டு மாட்டி, பையன் ஏற்றத்தில் ஓட்ட, நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே போனதும் இறங்கி, கிளிப்பை அடுத்த பேட்டரிக்கு மாற்றி, மறுபடி அதே ஏற்றம். அதே ஏற்றம், அதே ஆட்கள். அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். ஐந்து பேட்டரியும் ஏற்றத்தில் ஏழரைக்குக் கீழே போகவில்லை. காலையில் 8.35 காட்டியதே, அது ஐந்தரைக்கும் கீழே விழுந்தது. பையன் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "இதுதானாண்ணே?" என்றான். இதுதான்.

எட்டு வோல்ட் பேட்டரி ஏன் இரண்டு வோல்ட்டுக்கு மேல் விழ வேண்டும்? நான்கு செல்லில் ஒன்று முழுக்கத் தீர்ந்துவிட்டது. தீர்ந்த செல்லை மற்ற செல்கள் சும்மா விடுவதில்லை. அவற்றின் மின்சாரம் அதன் வழியாகத்தானே ஓடியாக வேண்டும்? அதனால் அந்த செல் தலைகீழாகத் திரும்பி, வோல்ட்டேஜைக் கொடுப்பதற்குப் பதிலாக விழுங்க ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பிற்பகலும் இப்படி நடந்தால் அந்த செல் இன்னும் வேகமாகச் சாகும். காலையில் அதே செல்லில் கொஞ்சம் சார்ஜ் இருப்பதால் வேஷம் கலையாமல் நிற்கிறது. வண்டி கொஞ்ச நேரம் ஓடிய பிறகு சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எந்த செல் என்று உறுதி செய்ய ஹைட்ரோமீட்டர் போதும். ரப்பர் பல்பு வைத்த கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மிதவை. பேட்டரிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளான்டே செய்துகாட்டிய அதே ஈய பேட்டரிதான் இன்றும் இந்த வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. மின்சாரம் செலவாகும்போது ஆசிடில் இருக்கும் சல்ஃபேட் தட்டுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் அது திரும்ப வருகிறது. ஆகவே ஆசிட் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்த்தாலே சார்ஜ் தெரிந்துவிடும். தண்ணீரை 1 என்று வைத்தால், முழு சார்ஜில் ஆசிட் 1.265 முதல் 1.280 வரை காட்டும். அந்த வண்டியின் சோர்ந்த பேட்டரியில், காலை சார்ஜில், மூன்று செல் 1.265. ஒன்று 1.190. ஹைட்ரோமீட்டர் காட்டுவதோடு 0.84ஐக் கூட்டினால் அந்த செல்லின் வோல்ட் ஏறக்குறைய வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், காலையில் பார்த்த அந்த 8.35 சரியாக வந்து நிற்கும். ஒரே பேட்டரியில் செல்லுக்கு செல் 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வெயிலிலும் குளிரிலும் அளவு கொஞ்சம் மாறும். ஆனால் ஒரே நேரத்தில் அளந்து பக்கத்து செல்லோடு ஒப்பிடும்போது அந்தக் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒப்பிடுவது எனக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு எச்சரிக்கை. சார்ஜரைக் கழற்றியவுடன் வோல்ட் அளக்காதீர்கள். அப்போது எல்லாமே கூடுதலாகக் காட்டும். ஆறு மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள், ஓர் இரவு விட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் ஊற்றியவுடன் ஹைட்ரோமீட்டரை உள்ளே விடாதீர்கள். ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும், சார்ஜ் ஏறும்போதுதான் கலக்கும். தண்ணீர் என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜுக்கு முன்னால் தட்டு வெளியே தெரிந்தால் தட்டு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிவிட்டுத்தான் சீட்டைத் தூக்க வேண்டும். ஸ்பானரின் பிடியில் டேப் சுற்றியிருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. மீட்டர் வயரை மாட்டுவதும் கழற்றுவதும் வண்டி நின்றிருக்கும்போது மட்டும்.

இனி, பேட்டரியின் மேல் அநியாயமாகப் பழி விழும் இடத்துக்கு வருகிறேன். டெர்மினலில் பூத்திருக்கும் களிம்பு. மீட்டரின் முனையை வயரின் லக்கில், அதாவது வயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தில் வைக்காமல், பேட்டரியின் ஈயக் கொம்பில் நேராக வையுங்கள். லக்கில் வைத்தால் களிம்பில் வீணாகும் வோல்ட்டும் பேட்டரியின் கணக்கில் சேர்ந்துவிடும். ஏற்றம் ஏறும்போது ஒரு முனையைக் கொம்பிலும் இன்னொரு முனையை அதன் லக்கிலும் மாட்டிப் பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் பேட்டரியைத் திட்டாதீர்கள், இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, செல்லின் மூடிகள் இறுக்கமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு தேய்த்துக் கழுவலாம். செல்லுக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. இன்னும் சந்தேகமா? அந்தப் பேட்டரியை வரிசையில் வேறு இடத்துக்கு மாற்றி, மறுபடி வேலை கொடுத்து அளங்கள். குறை பேட்டரியோடு கூடவே போனால் பேட்டரி. பழைய இடத்திலேயே நின்றால் வயர்.

ஒன்று கெட்டுவிட்டது என்று தெரிந்தபின் ஒன்றை மட்டும் மாற்றலாமா? செட் புதிதாக இருந்தால் தாராளமாக மாற்றலாம். பெரும்பாலும் வாரண்டியும் இருக்கும். அந்த மருத்துவமனை வண்டியில் ஒன்றைத்தான் மாற்றினார்கள், பிற்பகலிலும் ஏற்றம் ஏறியது. மற்ற ஐந்தும் வேலை கொடுத்து அளக்கும்போது திடமாக நின்றன, அதனால்தான் நான் துணிந்து சொன்னேன். செட் முழுக்கப் பழசாகி எல்லாமே தள்ளாடினால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதில் பலனில்லை. பழையவை அதையும் சீக்கிரமே தங்கள் நிலைக்கு இழுத்துவிடும். அப்போது செட்டை மாற்றச் சொல்வது நானாகத்தான் இருப்பேன். ஆனால் அளந்த பிறகு.

ஸ்டூடியோவில் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சார்ஜரைப் பற்றியும் லித்தியம் பேட்டரியைப் பற்றியும் விரிவாகப் பேசக் குறித்து வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு பேட்டரியும் ஒரேமாதிரி குறைவாகக் காட்டினால் சந்தேகம் முதலில் சார்ஜரின் மேல் போகட்டும். ஆறும் நன்றாக இருந்தும் வண்டி திணறினால் டயரில் காற்றையும், பிரேக் பிடித்துக்கொண்டு உரசுகிறதா என்பதையும் பாருங்கள். லித்தியம் பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கும் சர்க்யூட் உண்டு. அதில் ஹைட்ரோமீட்டருக்கு வேலையில்லை, மூடியைத் திறக்கவும் கூடாது. அது முழுக்க வேறு பேச்சு. நன்றி, வணக்கம்.