வாய்க்குள் ஒரு வேலி

நேயர்களுக்கு வணக்கம்.

பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு இது நினைவிருக்கும். வாயில் பஞ்சை வைத்து, "அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள், துப்பாதீர்கள், இன்று கொப்பளிக்க வேண்டாம்" என்று மருத்துவர் சொல்லி அனுப்புவார். வீட்டுக்குப் போய்ப் பஞ்சை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், பல் இருந்த பள்ளத்தில் கருஞ்சிவப்பாகக் கூழ்போல ஒன்று உட்கார்ந்திருக்கும். என்னிடம் வந்த ஒருவர், ஏதோ உணவு அழுகிக் கிடக்கிறது என்று நினைத்து, பல் குத்தும் குச்சியால் அதைப் பொறுமையாகத் தோண்டி எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் காதுவரை தெறிக்கும் வலியோடு திரும்பி வந்தார். பள்ளத்தின் அடியில் எலும்பு மூடாக்கு இல்லாமல் வெளுத்துத் தெரிந்தது.

அவர் தோண்டி எறிந்தது ரத்தக்கட்டி. வாய்க்குள் திசுக்கள் ஆறுவதற்குத் துணைநிற்கும் உயிரிப்பொருட்களைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நான் முதலில் வைப்பது இந்த ரத்தக்கட்டியைத்தான். அதற்குள் ஃபைப்ரின் என்ற நுண்ணிய நார்கள் வலைபோலப் பின்னிக்கிடக்கின்றன. செல்கள் அந்த வலையைப் பிடித்துக்கொண்டுதான் காயத்துக்குள் ஏறி வருகின்றன. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போல. வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரிக்கும் பொறுப்பையும் உடலே எடுத்துக்கொள்கிறது. நாங்கள் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும் விலையுயர்ந்த பொருள் எதுவும், இந்த ஒன்றைப் பார்த்துப் போட்ட நகல் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

வாய்க்காயம் தோல்காயத்தைவிட விரைவாக ஆறும், தழும்பும் குறைவு. கன்னத்தின் உட்புறத்தைத் தெரியாமல் கடித்துக்கொண்டால் சில நாட்களில் கடித்த இடமே தெரியாமல் போகிறது. எச்சிலின் ஈரமும், அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகளும், அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்களும், அதற்குக் கைகொடுக்கின்றன. ஆனால் இந்த வேகம் ஈறின் மேலடுக்குக்கு மட்டுமே உரியது. அடியில் இருக்கும் எலும்பு நிதானமானது. பல் எடுத்த பள்ளத்தின் வாயை ஈறு சில வாரங்களில் மூடிவிடும். உள்ளே எலும்பு நிறைய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் தாடையின் விளிம்பும் ஒடுங்கத் தொடங்கிவிடுகிறது. கடைவாய்ப் பகுதியில் ஓராண்டுக்குள் அகலத்தில் ஏறத்தாழ பாதி போய்விடலாம். அந்த இழப்பின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நேர்ந்துவிடுகிறது. பல்லை எடுத்துவிட்டு, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுகளைக் கடத்தியவர்களிடம் "எலும்பு போதாது" என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஈறு நோயில், வேகமான ஈறுக்கும் நிதானமான எலும்புக்கும் நடக்கும் இந்தப் பந்தயம் இன்னும் மோசமாகிறது. பல்லின் வேரையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள் அழிந்து, நடுவே ஒரு பை உண்டாகிறது. அறுவைசிகிச்சை செய்து வேரைச் சுத்தப்படுத்தி ஈறைத் தைத்தால், முதலில் ஓடிவருவது மேலடுக்குச் செல்கள். அவை வேரின்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கிப் படர்ந்துவிடும். காயம் ஆறிவிட்டது என்று நாமும் மகிழ்வோம். ஆனால் எலும்பும் நாரும் வந்து உட்கார வேண்டிய இடம் பறிபோயிருக்கும்.

வேரை முதலில் எட்டும் செல் எதுவோ, அதைப் பொறுத்தே அங்கே எந்தத் திசு அமையும் என்ற கருத்தை மெல்ச்சர் என்ற ஆய்வாளர் 1976-இல் முன்வைத்தார். அப்படியானால் ஓடிவருபவனை வாசலிலேயே தடுத்தால் என்ன? 1982-இல் ஸ்வீடனைச் சேர்ந்த நைமனும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாளியின் கீழ் முன்பல்லில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆய்வுக்கூடங்களில் வடிகட்டப் பயன்படும் மில்லிப்போர் சவ்வு ஒன்றை ஈறுக்கும் வேருக்கும் நடுவே வேலிபோல வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வேரின்மேல் புதிய நார்ப்பிணைப்பு உருவாகியிருந்தது. அந்தச் சவ்வில் மருந்து எதுவும் இல்லை. மெதுவாக வருபவர்களுக்கு அது இடத்தைக் காத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். என் துறையில் இதைவிட அழகான சோதனையை நான் படித்ததில்லை.

பிறகு டெஃப்லான் வகைச் சவ்வுகள் வந்தன. நன்றாகவே வேலை செய்தன. ஆனால் அவற்றை வெளியே எடுக்க மறுபடியும் ஈறைத் திறக்க வேண்டும். அதனால்தான், கொலாஜன் என்ற புரத நாரால் ஆன, தானாகக் கரையும் சவ்வுகள் பரவலாயின. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சீக்கிரம் கரைந்தால் வேலி இல்லாத வயல். இழைகளை இறுகப் பிணைத்து நெடுநாள் நிற்கும்படி செய்தால், திசு அதை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. சவ்வு ஈறுக்கு வெளியே எட்டிப்பார்த்துவிட்டாலோ, வாயிலுள்ள கிருமிகள் குடியேறிவிடும். எப்போது கரைய வேண்டும் என்பதை வகுப்பதில்தான் இத்துறையின் மூளை பெரும்பாலும் செலவாகிறது.

வேலி போட்டால் போதாது. உள்ளே கூரை சரிந்துவிடாமல் முட்டுக் கொடுக்கவும் வேண்டும். அதற்குத்தான் எலும்புத் துகள்கள். நோயாளியின் சொந்த எலும்பு சிறந்தது, ஆனால் அதை எடுக்க இன்னொரு காயம் வேண்டும். மாட்டெலும்பிலிருந்து புரதங்களை எல்லாம் நீக்கிவிட்டுக் கனிமத்தை மட்டும் துகளாக்கித் தருகிறார்கள். அது மிக மெதுவாகவே கரையும் என்பதால் வடிவத்தை நெடுநாள் தாங்கும். செயற்கையாகச் செய்யும் கால்சியம் பாஸ்பேட் துகள்களும் உண்டு.

கண்ணாடியும் உண்டு என்றால் நம்புவீர்களா? 1967-இல் அமெரிக்கப் பொருளறிவியலாளர் லாரி ஹெஞ்ச் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில், வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த ஒரு ராணுவக் கர்னல். உறுப்புகளை இழந்த வீரர்களைப் பார்த்தவர் அவர். உடல் தள்ளிவிடாத பொருள் ஒன்றை உங்களால் செய்ய முடியாதா என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளில், எடையில் 45 சதவீதம் சிலிக்காவும், மீதி சோடியம், கால்சியம், பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கண்ணாடி உருவானது. அதை எலியின் தொடை எலும்பில் வைத்து, ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை. கண்ணாடியின் மேற்பரப்பு கொஞ்சம் கரைந்து, எலும்பின் கனிமத்தை ஒத்த ஒரு படலமாக மாறி, எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று அந்தக் கண்ணாடியைத் துகளாக்கித் தாடைக் குழிகளில் நிரப்புகிறோம்.

இப்போது நோயாளிகள் என்னிடம் அதிகம் கேட்பது, சொந்த ரத்தத்தைச் சுழற்றிச் செய்யும் ஃபைப்ரின் பற்றி. 2001-இல் பிரான்சில் ஷுக்ரூன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை அது. கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து எதையும் சேர்க்காமல், உடனே சுழற்சிப்பொறியில் இடுகிறோம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குழாயின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஜெல்லிபோல ஒரு கட்டி நிற்கும். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் அதில் சிக்கியிருக்கும். வளர்ச்சிக் காரணிகள் பல நாட்களுக்கு மெல்லக் கசியும். பார்த்தீர்களா, சுற்றி வளைத்து மறுபடி ரத்தக்கட்டிக்கே வந்துவிட்டோம். பிடுங்கிய பல்லின் குழியில் வைத்தால் வலி குறைகிறது, ஈறு அமைதியாக மூடுகிறது. எலும்பை அள்ளிக்கொண்டுவந்து தரும் என்று சிலர் சொல்வதை மட்டும் நான் அந்த அளவுக்கு ஏற்பதில்லை.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழ் திறந்துவிட்டால் அதை மூடப் பயன்படும் சிமெண்ட் வகைகளும் இந்தக் குடும்பம்தான். அவற்றில் புகழ்பெற்ற ஒன்று, வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் நெருங்கிய உறவு. ஈரத்திலேயே இறுகும் என்பதால் வாய்க்கு ஏற்றது.

ஒரு செய்தியைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பல கொலாஜன் சவ்வுகள் பன்றியின் தோலிலிருந்தோ மாட்டின் தசைநாரிலிருந்தோ வருகின்றன. ஈறு நோயில் வேரின்மேல் தடவும் எனாமல் புரதக் களிம்பு, பன்றிக்குட்டியின் முளைக்கும் பற்களிலிருந்து பிரித்தெடுப்பது. ஒருமுறை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்ட ஒரு பெரியவர், மறுபடி மூடிக்கொண்டு, "டாக்டர், நீங்கள் வைக்கப்போவது எந்த உயிரினுடையது?" என்று கேட்டார். நானாக முன்பே சொல்லியிருக்க வேண்டியது அது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியைக் காட்டினேன். வேண்டாம் என்றார். செயற்கைத் துகளை வைத்தோம். அவருடைய குழிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதன்பின் ஒப்புதல் படிவத்தை நீட்டுவதற்கு முன்பே அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள். என் பள்ளத்துக்கு இது உண்மையில் தேவையா என்றும் சேர்த்துக் கேளுங்கள். சுவர்கள் நன்றாக இருக்கும் பள்ளத்துக்கும், செயற்கைப் பல் வைக்கும் எண்ணமே இல்லாதவருக்கும் பெரும்பாலும் தேவைப்படாது.

அந்தப் பெரியவர் ஒன்றைக் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன்: புகைபிடிப்பீர்களா? ஒரு நாளைக்கு மூன்று என்றார். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும். கட்டுப்படாத சர்க்கரையும் ஆறுவதைக் கெடுக்கும். மேலே எந்தச் சவ்வைப் போர்த்தினாலும், உள்ளே வர வேண்டிய செல்களுக்கு உணவும் ஆக்சிஜனும் ரத்தத்தின் வழியாகத்தானே வர வேண்டும்? தையல் பிரிக்கும்வரை தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் நாள் வந்தபோது சட்டையில் புகை வாடை இல்லை. ஈறு இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. எலும்பு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இன்னும் நான்கு மாதம் கழித்து வரச் சொன்னேன்.

நன்றி, வணக்கம்.