"ரைட்" என்றால் வலதா, போகலாமா? டேண்டம் பயணத்தில் வழி தப்பிய கதை

வணக்கம். கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, நீங்களும் அண்ணனும் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை டேண்டம் சைக்கிளில் (இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிப்பது) போனீர்களே, கையில் போன் இருந்தும் வேதாரண்யத்தில் எப்படி வழி தப்பினீர்கள்? எந்த மேப்பை நம்பலாம்?"

நாலு நாளாக இந்தக் கேள்விதான் மனசில் ஓடுகிறது. மேப்பின் மேல் பாதித் தப்பு உண்டு. மீதிப் பாதி எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் நடந்தது.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்சீட்டில் இவர், பின்சீட்டில் நான். திருப்புவது, பிரேக், கியர் எல்லாம் அவர் கையில். எனக்கு முன்னால் தெரிவது அவர் முதுகுதான். முதல் சில நாள் போனை அவர் ஹேண்டிலில் மாட்டியிருந்தோம். வெயிலில் திரை தெரியாது, வியர்வை விரலுக்குப் படியாது. குனிந்து பார்க்கிற நேரத்தில்தான் குழி வரும். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன்: முன்னால் இருப்பவர் ரோட்டைப் பார்க்க வேண்டும், பின்னால் இருப்பவர் வழியைப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில்தான் போனைக் கழற்றி என் பக்கம் மாட்டினோம்.

சரி, வேதாரண்யத்துக்கு வருகிறேன். முத்துப்பேட்டைக்குக் கிளம்பும் முன் அகத்தியம்பள்ளி போய் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியில் கிளம்பி, நடந்தே 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். உங்கள் கும்பகோணம் வழியாகத்தான் வந்தார்கள், தம்பி. அந்த இடத்தில் நிற்கும்போது எனக்குப் பேச்சே வரவில்லை.

அங்கிருந்து திரும்பும்போது உப்பளம் பக்கம் ஒரு பிரிவு வந்தது. இவர் "நேராகத்தானே?" என்றார். நான் "ரைட்" என்றேன். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் "ரைட், ரைட்" என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம்? அதைத்தான் சொன்னேன். இவர் வலது பக்கம் ஒடித்துவிட்டார்.

போனாவது திரும்பிப் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நடந்து போகிறவர்களுக்கான வழி தேர்வாகியிருந்தது, நான் கவனிக்கவில்லை. நடப்பவருக்கு வரப்பும் வழிதானே? உப்புப் பாத்திகளுக்கு நடுவே புதுசாக ஒரு கோடு போட்டுக் காட்டியது. போகப் போகப் பாதை குறுகி, கடைசியில் ஒரு ஆள் நடக்கிற வரப்பாகிவிட்டது. சாதா சைக்கிள் என்றால் தூக்கித் திருப்பிவிடலாம். எங்கள் வண்டி கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் நீளம். நாலு பையையும் கழற்றி வரப்பில் வரிசையாக வைத்தோம். அவர் முன்சக்கரத்தைத் தூக்க, நான் பின்சக்கரத்தோடு ஒரு காலைப் பாத்திக்குள் வைத்துத் திருப்பினேன். காலைக் காயவைத்துக்கொண்டு பார்க்கிறேன், முழங்கால் வரை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

உச்சி வெயில். சூரியனைப் பார்த்துத் திசை சொல்ல முடியவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவரிடம், "கடல் எந்தப் பக்கம் தாத்தா?" என்று கேட்டேன். சென்னையிலிருந்து கடல் கிழக்கே என்கிற கணக்கிலேயே வந்தவள் நான். அவர் சொன்னார்: "கிழக்காலயும் கடல், தெக்காலயும் கடல். நீ எந்தக் கடலைக் கேக்குற தாயி?" கோடியக்கரையில் கரை மேற்கே மடங்கிவிடுகிறது. மேப்பில் நூறு தடவை பார்த்த மூலைதான், அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. "வடக்கால போ, தார் ரோடு வரும். அங்கேருந்து பீச்சாங்கை பக்கம் திரும்பு" என்றார். அப்படியே போனோம், வழி கிடைத்தது.

அன்றோடு "ரைட்" என்ற சொல்லை விட்டுவிட்டோம். வலது சோத்தாங்கை, இடது பீச்சாங்கை, நேராக என்றால் "போகலாம்". மூன்றும் காற்றில் கேட்டாலும் ஒன்றுக்கொன்று குழம்பாது. திருப்பத்துக்கு 200 மீட்டர் முன்னால் ஒரு தடவை, 50 மீட்டரில் மறுபடி ஒரு தடவை சொல்வேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டரை 9 நொடியில் கடந்துவிடுவோம். இரண்டு ஆளும் மூட்டையும் ஏறிய வண்டி சட்டென்று நிற்காது. நான் சொன்னதை அவர் திருப்பிச் சொன்னால்தான் அவருக்குக் கேட்டது என்று கணக்கு.

எந்த மேப் என்று கேட்டீர்கள் அல்லவா? எதுவானாலும் போகிற பகுதியை முன்னாலேயே போனில் இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, டவர் இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கிற புள்ளியைக் காட்டும். கிளம்பும் முன் எந்த வண்டிக்கான வழி என்று பாருங்கள். கிலோமீட்டர் கல்லையும் விடாதீர்கள்: தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

ஆனால் தம்பி, யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மகாமகக் குளத்துப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். தெரிந்த தெருவாகவே இருக்கட்டும். முன்சீட்டில் இருப்பவர், பின்னாலிருந்து சொல் வந்தால்தான் திரும்ப வேண்டும். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.