வெண்கொக்கிடம் கற்ற சண்டை

அவையோருக்கு வணக்கம்.

குங்ஃபூ என்றதும் நம் கண்முன் வருவது திரையில் பார்த்த தாவலும் சுழலலும்தான். இன்று நான் பேச வந்திருக்கும் வெண்கொக்குக் கலையில் அதெல்லாம் குறைவு. உதை இடுப்புக்கு மேலே போவதே அபூர்வம். ஆளுக்கு ஆள் ஒரு முழ இடைவெளியில் நின்று, கையால் முடிக்கிற சண்டை இது.

பிறந்த இடம் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணம். அங்கே யோங்சுன் என்கிற மலைப்பகுதி இதன் தாய்வீடு. 17-ஆம் நூற்றாண்டில் ஃபாங் சீநியாங் என்ற பெண் இதை உருவாக்கியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அப்பாவிடம் ஏற்கெனவே சண்டை பழகியவள். ஒரு நாள் வந்து இறங்கிய கொக்கைக் கழியால் விரட்டப் பார்க்கிறாள். தலையில் அடித்தால் இறக்கையால் தட்டிவிடுகிறது. இறக்கையில் அடித்தால் நழுவிக்கொள்கிறது. உடம்பில் குத்தினால் அலகால் கொத்துகிறது. கதை பல வடிவங்களில் உண்டு, கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அதில் ஒரு விஷயம் என்னை விடுவதே இல்லை. அவள் அந்தப் பறவையின் அழகைப் பார்த்து ஆடவில்லை. தன்னைவிட வலுவான அடியை அது எப்படிச் சமாளித்தது என்று பார்த்தாள். உடல்பலம் குறைந்தவருக்கான கேள்வி அது. இந்தக் கலை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, பதில் என்ன? வருகிற குத்தை எதிர்த்து நிறுத்தாமல் முன்கையால் ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். உடனே ஐந்து விரல்நுனிகளையும் அலகாகக் கூட்டிக் கண், தொண்டை, நெற்றிப்பொட்டு என்று மெல்லிய இடத்தில் கொத்த வேண்டும். அதற்கான விசை தோளிலிருந்து வருவதில்லை. மழையில் நனைந்த கொக்கு ஒரு உதறு உதறுமே, அந்த உதறல்தான் இங்கே விசை. குதிகாலில் கிளம்பி, இடுப்பில் திரும்பி, முதுகு வழியாக விரல்நுனிக்கு வர வேண்டும். தோளை இறுக்கினால் விசை அங்கேயே நின்றுவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் பெரும்பாடு.

பிற்காலத்தில் கலை கிளைகளாகப் பிரிந்தது. பறக்கும் கொக்கு, கூவும் கொக்கு, இரை தின்னும் கொக்கு, உறங்கும் கொக்கு என்று பெயர்களே ஒரு நீர்நிலைக்குக் கூட்டிப்போகும்.

அப்புறம் கடல் தாண்டிய கதை. 1897-இல் உவேச்சி கான்புன் என்ற இளைஞர் ஜப்பானின் ஒகினாவா தீவிலிருந்து ஃபூஜியனின் ஃபூஜோ நகரத்துக்குப் போய்ச் சண்டைக்கலை பயின்றார். பத்தாண்டுக்கும் மேல் கழித்துத்தான் ஊர் திரும்பினார். அவருக்கு முன்பே ஹிகாவோன்னா கான்ர்யோ என்ற இன்னொரு ஒகினாவாக்காரரும் அதே நகரத்தில் பயின்றவர். இருவர் வழியிலும் கராத்தேக்குள் வந்து சேர்ந்தது சான்சின் என்ற அடிப்படைப் பயிற்சி. இங்கே கான்ர்யோ வழியில் வந்த கோஜு-ரியூ கராத்தே பழகியவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்: பாதம் சற்று உள்நோக்கி, முழங்கால் வளைந்து, முழங்கை விலாவை ஒட்டி நிற்கும் நிலை, ஆசான் தோளில் தட்டிச் சோதிப்பார். கோஜு-ரியூவில் கையை மூடிக் குத்துகிறோம். உவேச்சி வழியினர் இன்றும் ஃபூஜியனில் செய்வதுபோல விரித்த கையோடு செய்கிறார்கள்.

இப்போது என் மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டுவார்கள். கைகளை மட்டும் பார்க்காமல் குதிகாலையும் கவனியுங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் எல்லோருக்கும் தெரியும்.