பெயர் சொல்லும் கொறங்காடு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, பிள்ளைகளை வரிசை கலையாமல் அழைத்து வந்திருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, கால்நடை மருத்துவர் ஐயா அவர்களே, தாயாரின் நினைவாக மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தந்த குடும்பத்தாரே, பந்தல் போட்ட இளைஞர் மன்றத்துத் தம்பிகளே, முன்வரிசையில் இருக்கும் அப்பாருகளே, அமுச்சிகளே, அனைவருக்கும் வணக்கம்.

மரம், குளம், கொறங்காடு என்று நாம் சொல்லும் வேலியடைத்த மேய்ச்சல் காடு என மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், கருமாதி, வருசத் திதி எதுவானாலும் ஒரு மரம் வைப்போம் என்ற நல்ல எண்ணம் நம் பக்கம் வந்துவிட்டது. ஆனால் அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால், கூண்டுக்குள் காய்ந்த குச்சி நிற்கிறது; கூண்டில் அப்பாருவின் பெயர் தொங்குகிறது. மனசு பொறுக்கவில்லை. ‘மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்’ என்கிறோம். மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று அதற்கு அர்த்தம் சொல்கிறோம். மண்வெட்டி பிடித்தவனுக்கே சொன்ன சொல் அது என்பேன்.

கர்நாடகத்தில் மாகடிப் பக்கம் ஹுலிகல் என்று ஓர் ஊர். திம்மக்கா என்ற அம்மாள், கூலி வேலை செய்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்கும் கணவர் சிக்கய்யாவுக்கும் பிள்ளையில்லை. பிள்ளையில்லாத குறையை ஊர் எப்படிப் பேசும் என்று இங்கே இருக்கும் அம்மணிகளுக்குத் தெரியும். இருவரும் ஆலங்கன்றுகளைப் பிள்ளைகளாக வளர்க்கத் துணிந்தார்கள். ஹுலிகல்லிலிருந்து குதூர் போகும் சாலையோரம், முதல் வருசம் பத்துக் கன்று. அடுத்த வருசம் பதினைந்து. அதற்கடுத்து இருபது. மழைக்காலத்தில் நடுவது, மழை நின்றால் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பது, நாலு கிலோமீட்டர் நடை. ஆடு மாடு கடிக்காமல் சுற்றிலும் முள் அடைப்பு. இப்படி வளர்ந்தவை 385 ஆலமரங்கள். 2019-ல் பத்மஸ்ரீ வாங்கக் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனவர், விருது கொடுத்தவரின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தார். அந்தக் கைக்கு அந்த உரிமை இருந்தது. மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்!

இனி நம் கொங்கு மண்ணுக்கு வருவோம். ஆடியில் நடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இளங்கன்றை ஆட்டி ஆட்டி வேரைப் பிடிக்க விடாது. நமக்குப் பெருமழை ஐப்பசியில்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழியெடுத்து ஆறப்போடுங்கள். மேல்மண்ணைத் தனியாக வைத்து, ஒரு கூடை மக்கிய தொழுவுரமும், கறையானுக்காக அரைக்கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். கறுப்புப் பையை முழுதாகக் கிழித்தெடுங்கள். அவசரத்தில் பையோடு புதைத்த கன்றுக்கு வேர் உள்ளேயே சுருண்டு, இரண்டாம் வருசம் கருகும். பைக்குள் மண் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்காதீர்கள். ஊன்றுகோல் மேற்கே நிற்கட்டும். கம்பி வேண்டாம், பழந்துணியால் தளர்வாகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை 15 லிட்டர், கோடையில் இருமுறை, மூன்று வருசம். ஈபி கம்பிக்குக் கீழே வைத்தால் கிளையை வெட்டத்தான் போகிறார்கள். பெயர்ப்பலகையை மரத்தில் ஆணியடிப்பது பெரியவர் பெயருக்கே மரியாதையில்லை.

தாமே நடாமல், மரம் வைக்கும் அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் கன்றின் விலையை விசாரிப்பதோடு நில்லாமல், மூன்று வருசத் தண்ணீருக்கும் ஆளுக்கும் யார் பொறுப்பு, செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று உண்டா என்று எழுதி வாங்குங்கள். வரிச்சலுகை வேண்டுமென்றால் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

இப்போது என் நெஞ்சில் கிடப்பதைச் சொல்கிறேன். ஒற்றை மரத்தில் ஏன் பெயரை வைக்கிறீர்கள்? ஒரு ஏக்கர் கொறங்காட்டுக்கு வையுங்களேன்! சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு இதை மேய்ந்து வளர்ந்த மாடு. வேலியில் குருவி, பாம்பு, ஓணான் எல்லாம் குடியிருக்கும். அந்தக் கொறங்காடு இன்று பாகம் பிரிந்து, வேலி பிடுங்கி, மனையாகப் போகிறது. போனால் திரும்பாது.

செலவும் பெரிதில்லை. வேலிக்குப் பெருவிரல் கனத்தில் கிளுவைப் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டி நெருக்கமாக ஊன்றினால் போதும். புல்விதை ஏக்கருக்கு 3 கிலோ. உருவிய கையோடு விதைத்தால் முளைக்காது. ஆறேழு மாதம் வைத்திருந்த விதையே நல்லது. முதல் வருசம் புல் விதை உதிர்க்கும் வரை மாடு விடாதீர்கள். ஆசைப்பட்டு முன்னதாகத் திறந்துவிட்ட காடு சொட்டையாகிவிடும். முதல் வறட்சியில் மட்டும் வேலிக்குக் கொஞ்சம் தண்ணீர். மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான், வேலி வச்சவனும் ஊத்தணும். பெரியவர் பெயரைப் பொறிக்க, வேலிகளுக்கு நடுவே போகும் பாதையான இட்டேரி ஓரம் ஒரு கல் நடுங்கள்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் அம்மா கடிகாரம் பார்க்கிறார்; குளத்தை இன்னொரு நாள் பேசலாம். பந்தலின் வடக்கே மேசையில் நோட்டு இருக்கிறது. கொறங்காடு வைத்திருப்பவர்கள் சர்வே எண்ணையும், போத்து வெட்டக் கிளுவை தரக்கூடியவர்கள் எத்தனை கட்டு என்பதையும், யார் நினைவாக என்பதையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.