கவுடுல்லவில் யானை பார்த்தோம், ஆனால் முதலில் ஜீப் கணக்கு
வணக்கம் மக்களே. நேற்று கவுடுல்ல தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். யானையைப் பற்றித்தான் கேட்பீர்கள், ஆனால் அந்த ஜீப் விலையைச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறெதுவும் வராது.

திருகோணமலையில் இருந்து கந்தளாய் தாண்டி ஹபரணை வீதியில் போனால், கல்ஓயாச் சந்திப் பக்கம் பூங்காவுக்குத் திரும்புகிற இடம். எங்கள் சின்னக் கார் அந்தக் காட்டுப் பாதைக்குச் சரிவராது, ஜீப் எடுத்தே ஆகவேண்டும். வீதியோரம் மறித்தவர் 16,000 ரூபாய் என்றார். அரை நாளைக்கு! என் பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும், சூடை மீனுக்கே விடாமல் பேரம் பேசுகிற ஆள் நான். பக்கத்தில் இதே கவலையோடு நின்ற ஒரு கிண்ணியாக் குடும்பத்தையும் சேர்த்து, 6 பேராக 12,000க்கு முடித்தேன். தலைக்கு 2,000. நேற்றைய பெரிய சாதனை இதுதான்.

ஆனால் டிக்கெட் கவுன்டரில் அடுத்த இடி. மச்சாளிடம் இருப்பது கனடா பாஸ்போர்ட், அதனால் வெளிநாட்டுக்காரருக்கான டொலர் கட்டணம், எங்களுடையதை விடப் பல மடங்கு. "நான் திருகோணமலை உவர்மலையில் பிறந்தவள்" என்று வாதாடிப் பார்த்தாள், நடக்கவில்லை. நீங்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சரி, யானை. பூங்காவுக்குள் இருக்கும் குளம் அந்தக் காலத்து அரசன் மகாசேனன் கட்டியது, இந்த இடம் 2002இல்தான் தேசியப் பூங்கா ஆனது. வெயிலுக்குத் தண்ணீர் வற்ற வற்றக் குளத்தடியில் இளம் புல் முளைக்கும், ஆகஸ்ட், செப்டெம்பரில் கூட்டம் கூட்டமாக அதற்குத்தான் வருகின்றன. பக்கத்துப் பூங்காவான மின்னேரியாவும் கவுடுல்லவும் அவற்றுக்கு ஒரே காடு மாதிரித்தான், அங்கே தண்ணீர் ஏறிப் புல் மூழ்கினால் இங்கே வந்துவிடும். அதனால் எந்தப் பூங்கா என்று வீட்டிலேயே முடிவெடுக்காமல், அன்றைக்கு யானை எங்கே நிற்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

எனக்குப் பிடிக்காதது என்னவென்றால், தாயின் காலுக்குள் ஒரு குட்டி ஒதுங்கி நிற்க, அதைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடித்துக்கொண்டு, ஒருவர் செல்ஃபிக்காக விசில் வேறு அடிக்கிறார், கேவலம். தள்ளிப்போய் என்ஜினை நிறுத்தச் சொன்னேன். சாரதி அண்ணனுக்கு விருப்பமே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டம் காட்டிலிருந்து இறங்கி எங்கள் பக்கமே வந்தது. முன்காலால் புல்லை உதைத்துப் பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டுத் தின்பதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை, அந்தக் காட்சியை வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறேன். கொம்பன் ஒன்றுகூட இல்லை. இலங்கையில் ஆண் யானைகளிலேயே நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் தந்தம், ஆகவே "கொம்பன் காட்டுகிறேன்" என்று விலை ஏற்றுகிறவரை நம்பாதீர்கள்.

ஐயோ, நேரம் சொல்லவில்லையே! பின்னேரம் 3 மணிக்கு முன்னர் உள்ளே போய்விடுங்கள், 6 மணிக்கு மூடிவிடுவார்கள். திரும்பும்போது இருட்டில் வேகம் வேண்டாம், அந்த வீதியில் யானை கடக்கும்.

வழியில் தம்பலகாமத்தில் எருமைத் தயிர் வாங்கினோம். அங்கேயும் பேரம் பேசினேன், அந்த அம்மா ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பரவாயில்லை, அந்தத் தயிருக்குக் கேட்ட காசைக் கொடுக்கலாம்.

நீங்கள் ஜீப்புக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். 12,000க்குக் குறைவாக யாராவது பேசி முடித்திருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்.