பாப் ஸ்மியர் நார்மல் என்றால் சினைப்பை புற்றுநோய் இல்லை என்று அர்த்தமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 56 வயது, மாதவிலக்கு நின்றுவிட்டது. இரண்டு மாதமாக வயிறு உப்புசமாகவே இருக்கிறது. இரண்டு இட்லி சாப்பிட்டாலே போதும் என்கிறார். கேஸ் மாத்திரைக்கும் கேட்கவில்லை. போன வருடம் எடுத்த பாப் ஸ்மியர் நார்மல். அப்படியானால் கேன்சர் பயம் வேண்டாம்தானே டாக்டர்?"

இல்லைம்மா, அந்த ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது. பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான பரிசோதனை. சினைப்பை, அதாவது ஓவரி, வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கிறது; அங்கே நடப்பது இதில் தெரியாது.

அம்மாவுக்குக் கேன்சர்தான் என்று நான் சொல்லவில்லை. உப்புசம் எல்லோருக்கும் வரும், போகும். போகாமல் மாதத்தில் பாதி நாள் இருக்கிறது, அதுவும் புதிதாகத் தொடங்கியது என்றால் பார்த்தே ஆக வேண்டும். அடிவயிற்றில் வலி இருக்கிறதா, அடிக்கடி சிறுநீர் அவசரமாக வருகிறதா என்று கேளுங்கள். உள்பாவாடை நாடாவை வழக்கமாக முடிச்சுப் போடும் இடத்தில் போட முடிகிறதா என்றும் கேளுங்கள். கை, முகமெல்லாம் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தால், உள்ளே நீர் சேர்ந்திருக்கலாம். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

"வருடா வருடம் டெஸ்ட் எடுத்துக்கொண்டால் போதாதா?" என்பார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் அதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்து வந்ததில் இறப்பு குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. அதனால்தான் உடம்பு காட்டும் அறிகுறியை விடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முதல் நிலையில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். நம்மிடம் வருகிறவர்களோ பெரும்பாலும் மூன்றாம் நிலையில்தான் வருகிறார்கள்.

இந்த வாரமே மகப்பேறு, மகளிர் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அடிவயிற்று ஸ்கேனும், சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். அந்த எண் கூடுதலாக இருந்தாலே கேன்சர் என்று அழ வேண்டாம். நார்த்திசுக்கட்டி, வயிற்றுக் காசநோய்க்கும் கூடும். கேன்சர் இருந்தும் ஆரம்ப நிலையில் அந்த எண் நார்மலாகவும் இருக்கலாம். ஸ்கேனோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

அப்புறம், குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பை புற்றுநோயோ இருந்ததா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தாய்வழியில் மட்டுமல்ல, அவருடைய அத்தைகளையும் சேர்த்து. இந்த இரண்டு புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ என்ற மரபணுக் கோளாறு தகப்பன் வழியாகவும் வரும். இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.