உகரத்தின் மேல் ஒரு புள்ளி

எல்லோருக்கும் வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. கையில் இருக்கும் போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து உங்கள் உதட்டை மட்டும் பாருங்கள். 'பூ' என்று சொல்லுங்கள். உதடு குவிகிறது. இப்போது 'காது' என்று சொல்லுங்கள். மேடைத்தமிழாக வேண்டாம், வீட்டில் சொல்வதுபோலவே. கடைசியில் உதடு குவிந்ததா? பின்வரிசையில் ஒருவர் இல்லை என்று தலையாட்டுகிறார். சரி, எழுதுவது 'து', வாயில் வருவது வேறு ஏதோ ஒன்று. அந்த 'ஏதோ'வைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் 'இதழ்குவிந்து இயலும்' என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். காதின் கடைசியில் இருப்பது இதற்கு அடங்கவில்லை. அதற்குக் குற்றியலுகரம் என்று தனிப்பெயர், அரை மாத்திரை, சார்பெழுத்துகளில் ஓர் இடம். பள்ளிக்கூடத்தில் நாம் அதன் ஆறு வகைகளை ஒப்பித்து மதிப்பெண் வாங்கினோம். ஆனால் கண்ணாடியில் உதட்டைப் பார் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் ஒரு மனக்குறை உண்டு.

உயிரொலிகளை ஒலியியலார் நாக்கை வைத்து வகைப்படுத்துகிறார்கள். நாக்கின் மிக உயர்ந்த இடம் முன்னால் இருந்தால் முன்னுயிர், நம் 'ஈ' போல. பின்னால் இருந்தால் பின்னுயிர், 'ஊ' போல. இரண்டுக்கும் இடையில் மேடு எழுந்தால் நடுவுயிர். வாய்க்குள் நடப்பதை எப்படிப் பார்ப்பது? லண்டனில் டேனியல் ஜோன்ஸ் என்ற ஒலியியலார், நாக்கின் மேல் மெல்லிய ஈயச் சங்கிலியைக் கிடத்தி எடுத்த எக்ஸ்ரே படங்களை 1917இல் வெளியிட்டார். சங்கிலி வளைந்த விதத்தில் நாக்கின் மேடு தெரிந்தது.

நடுவுயிர்களில் பெயர்பெற்றது ஷ்வா. எபிரேய இலக்கணத்திலிருந்து வந்த பெயர். ஒலியியலார் அதற்கு எழுதும் குறியோ ஆங்கிலத்தின் சின்ன 'ஈ' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது. ஆங்கிலத்தில் 'அபவுட்' என்ற சொல்லின் முதல் ஒலி அதுதான். உதடும் நாக்கும் எந்தப் பக்கமும் சாயாத ஒலி. வாயிலிருந்து குரல்வளை வரை 17.5 செ.மீ. நீளமுள்ள, ஒரே அகலமான குழாய் என்று வைத்துக்கொண்டால் அதன் ஒத்ததிர்வுகள், அதாவது குழாய் தானாகவே ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண்கள், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று சீராக விழும். ஷ்வாவின் கணக்கு ஏறக்குறைய அதுவே. அதற்கு மேலே, நாக்கு அண்ணத்தை நெருங்கும் உயரத்தில் இன்னொரு நடுவுயிர் உண்டு. ஆங்கில 'ஐ' எழுத்தின் வயிற்றில் ஒரு கோடு கிழித்தால் அதன் குறி.

அப்புறம், நம் குற்றியலுகரத்தை எங்கே வைப்பது? சிலர் அதைப் பின்னுயிர் என்றே கொண்டு, உதடு குவியாத 'உ'வுக்கான குறியை எழுதுகிறார்கள். தலைகீழ் 'எம்' போல இருக்கும். சிலர் கோடு கிழித்த 'ஐ' எழுதுகிறார்கள். நான் இரண்டாம் கட்சி. எனக்குச் சான்று தருவது நம் இலக்கணமேதான். 'நாடு' என்ற சொல்லை அடுத்து 'யாது' வந்தால் 'நாடியாது'. உகரம் இகரமாகிவிடுகிறது, அதைக் குற்றியலிகரம் என்கிறோம். நாக்கு உண்மையிலேயே பின்னால் இருந்திருந்தால், ஒரு யகரம் கூப்பிட்டதும் இவ்வளவு சுலபமாக முன்னால் வந்துவிடுமா? நடுவில் நிற்பதற்குத்தான் அந்த வசதி. முடிந்த தீர்ப்பு என்று சொல்லவில்லை. பேசுபவருக்குப் பேசுபவர் நாக்கு கொஞ்சம் நகரத்தான் செய்கிறது.

இன்னொன்று. இலக்கணப்படி 'அது' முற்றியலுகரம், உதடு குவிய வேண்டும். பேச்சில் யார் குவிக்கிறோம்? 'குரு', 'புழு' போன்ற சொற்களில், முன்னாலேயே ஓர் உகரம் இருப்பதால், குவிவு தங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் நடுவுயிர் கடையைப் பரப்பிவிட்டது. 'வீடு' சொல்லும்போது டகரத்துக்காக நாக்கு மடங்குவதால் ஈகாரமே கொஞ்சம் பின்வாங்குகிறது. 'வீதி'யோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'பிள்ளை' 'புள்ள' ஆனதும் 'பெட்டி' 'பொட்டி' ஆனதும் அந்த வழியில்தான்.

தமிழில் இந்த நடுவொலியை 'உ' என்றே எழுதினாலும் பொருள் கெடுவதில்லை. அதனால் இது பொருளை மாற்றும் தனி ஒலி, அதாவது தனி ஒலியன், இல்லை; உகரமே இடத்துக்கேற்ப எடுக்கும் இன்னொரு வடிவம், அதாவது மாற்றொலி. ஒலியனை மட்டும் காட்டச் சாய்கோடுகளுக்குள் எழுதும்போது 'உ' போதும், வாயில் வருவதை அப்படியே காட்டப் பகர அடைப்புக்குள் எழுதும்போதுதான் கோடு கிழித்த குறி தேவை. மலையாளத்தில் இப்படித் தப்பிக்க முடியாது. அங்கே உதடு குவித்துக் 'கண்டு' என்றால் 'பார்த்தான்', 'பார்த்தேன்' என்கிற வினைமுற்று. குவிக்காமல் சொன்னால் நம் 'பார்த்து' போன்ற எச்சம். ஆகவே எழுத்திலும் பிரித்தாக வேண்டும். குவிந்ததற்கு உகரக் குறி, குவியாததற்கு மெய்யின் தலையில் சந்திரக்கலை என்ற சின்னப் பிறை.

இனி புள்ளிக்கு வருகிறேன். சொல்லின் கடைசியில் வரும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி உண்டு என்று சொன்ன கையோடு, 'குற்றியலுகரமும் அற்றென மொழிப' என்கிறது தொல்காப்பியம். அதாவது குற்றியலுகரத்துக்கும் புள்ளி. ஒலியைக் கேட்டு, எழுத்தில் அதற்கென ஓர் அடையாளம் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் ஒலிபெயர்ப்பு என்று சொல்லும் வேலை அது. நம் எழுத்தில் அந்தப் புள்ளி நிற்கவில்லை.

மலையாளத்திலும் காதுக்குக் 'காது' என்றுதான் பெயர். ககரத்துக்குக் கால் போட்டு, தகரத்தின் தலையில் பிறையை வைக்கிறார்கள். எழுத்துக் கூட்டினால் 'காத்'. வாசிப்பது, சற்றுமுன் உங்கள் போனில் நீங்கள் பார்த்த அதே குவியாத உதட்டோடு.